நிலுவை இல்லை

பேசக்கூடாது. என்ன ஆனாலும் வாயைத் திறக்கக்கூடாது. பத்தே முக்கால் மணிக்கு அந்தப் பெண் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, "இங்கதான் கூப்புடுவாகளா அய்யா?" என்று கேட்ட மாத்திரத்தில் ரெங்கமன்னார் இந்த முடிவுக்கு வந்துவிட்டார். முகத்தைப் பார்த்து வந்த முடிவல்ல. அந்த முகத்தை அவர் இதற்கு முன் கண்டதே இல்லை. குரல்தான். அந்தக் குரலை ஐந்து முறை கேட்டிருக்கிறார், தொலைபேசியில், முறைக்கு ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ. எண்களை ஒவ்வொன்றாக, தப்பு வந்துவிடக்கூடாதே என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லும் குரல். நாலு. ஏழு. ஒண்ணு. மறுபடி ஒண்ணு. ஐந்து முறை கேட்ட இவருக்கு அது மறக்கவில்லை என்றால், இவர் குரலை ஐந்து முறை கேட்ட அவளுக்கு மட்டும் மறந்திருக்குமா. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு மடியில் இருந்த ஃபைலைப் பிரித்தார், அது தலைகீழாக இருப்பதைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டார். கோட்ட ரயில் அலுவலகத்தின் இரண்டாவது மாடி, பாதுகாப்புப் பிரிவு வராந்தா, இருப்பது ஒரே பெஞ்சு. அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் அவர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ், ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். அவள் கீமேன் மாசானத்தின் மனைவி முப்பிடாதி. மாசானம் ரயிலில் அடிபட்டுச் செத்துப் பதினேழு நாள் ஆகிறது. எழுந்து தன் நாற்காலிக்குப் போய்விடலாம்தான். ஆனால் ஆபீசர் எந்த நிமிஷமும் கூப்பிடுவார், நகரக்கூடாது என்று அட்டெண்டர் கோமு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நகரவும் கூடாது, பேசவும் கூடாது. எதிரே விசாரணை அறையின் கதவு சாத்தியிருந்தது.

கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரி, அதற்குள் கேடயம். பெஞ்சில் உட்கார்ந்தால் கண் வேறு எங்கும் போக வழியில்லாமல் நேர் எதிரே. 'நிலுவை இல்லாக் கோட்டம்' என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது. இது யாரால் வந்தது என்று கேட்டால் ஆபீசர் தன்னால் என்பார், அவருக்கு முன்னால் இருந்தவர் தன்னால் என்பார். இரண்டு பேரும் புளுகர்கள். வந்தது ரெங்கமன்னாரின் மூளையால். தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்க்கிற கீமேன் ஒரு கோளாறைச் சொன்னால் அதற்கு ஒரு எண் போட வேண்டும். எண் போட்ட நாளிலிருந்து முப்பது நாள் தவணை. முப்பத்தொன்றாம் நாள் கம்ப்யூட்டரில் அந்த வரி சிவப்பாகும், அந்தச் சிவப்பு தலைமை அலுவலகம் வரை தெரியும். ஒரு பாலத்தை முப்பது நாளில் யாரால் சரிசெய்ய முடியும்? அளக்க ஒருவர் வரவேண்டும், அளந்ததைப் பார்க்க இன்னொருவர் வரவேண்டும், டெண்டர் விட வேண்டும். ஆனால் வரியும் சிவப்பாகக்கூடாது. எனவே இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் ரெங்கமன்னார் அந்தப் புகாரை 'சரிசெய்யப்பட்டது' என்று முடித்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் அதே புகாரைப் புது எண்ணில், புதுத் தேதியில் பதிந்துவிடுவார். குளிப்பாட்டி விடுவது என்று பிரிவில் அதற்குப் பேர். ரெங்கமன்னார் சார், அந்தக் கேட் புகாரைக் குளிப்பாட்டியாச்சா என்று கேட்பார்கள். யாருக்கு என்ன நஷ்டம்? கோளாறுள்ள இடத்தில் ரயில் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு புகாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முடித்தால் விழும், பதிந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கட்டுப்பாட்டுப் பட்டியல், ரயில்களை ஓட்டுகிற கண்ட்ரோலுக்குப் போவது நாலு மணிக்கு. இரண்டுக்கு முடித்து மூன்றுக்குப் பதிந்தால் எந்த ஓட்டுநருக்கும் எதுவும் தெரியாது, ரயில் முப்பதிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். மூன்று வருஷமாக ஒரு பிசகும் இல்லை. மூன்று வருஷம் என்பது கொஞ்ச நாள் அல்ல. மூன்று வருஷத்தில் எத்தனை இருபத்தொன்பதாம் நாள்.

மின்விசிறி கடகடத்தது. அவள் ஏதோ சொல்கிறாள். நீங்களும் விசாரணைக்குத்தான் வந்திருக்கீகளா என்று கேட்கிறாள். தலையை ஆட்டு. ஆட்டினார். பேசத் தெரியாத ஆள் என்று நினைத்துக்கொள்ளட்டும், திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டாலும் சரி. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "தொண்டை கட்டிருக்கா?" என்றாள். கடவுளே கொண்டுவந்து கொடுத்த வழி. தொண்டையைத் தொட்டுக் காட்டி, ஆமாம் என்றார் கையாலேயே. உடனே மடியில் இருந்த மஞ்சள் பைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு இருமல் மிட்டாயை எடுத்து நீட்டினாள். காகிதம் கசங்கிப் பாதி ஒட்டிப்போயிருந்தது. "அவுக சட்டைப் பையில எப்பவும் கெடக்கும். காலையில பனியில நடக்கிறதுல்ல. வாங்கிக்கோங்க அய்யா, எனக்கு எதுக்கு." வாங்கக்கூடாது. வாங்காவிட்டால் வற்புறுத்துவாள், வற்புறுத்தினால் ஏதாவது சொல்லித்தான் மறுக்க வேண்டும். வாங்கினார். வாயில் போட்டுக்கொள்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். போட்டுக்கொண்டார். எந்தச் சட்டை? அன்றைக்குப் போட்டிருந்த சட்டையாக இருக்காது, அது போலீஸில் இருக்கும். வீட்டில் கொடியில் தொங்கிய வேறு சட்டையாக இருக்கும். இருக்க வேண்டும். மிட்டாயின் காரம் நாக்கில் ஏறியது. துப்ப முடியாது, அவள் பார்க்கிறாள்.

ஜூன் மாதம்தான் மாசானம் முதலில் எழுதினான். எண்பத்தேழாம் நம்பர் பாலம், வடக்குப் பக்கத்துத் தூண் இறங்குகிறது, வண்டி போகும்போது தண்டவாளம் தாழ்கிறது, ஜல்லி நிற்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தாலும் விஷயம் கோணல் இல்லை. புகார் எண் அறுபத்தொன்று. ஜூலையில் அதைக் குளிப்பாட்டும்போது ஒரு சின்னத் தொந்தரவு. அலுவலகமே புகாரை முடித்துக்கொள்ளக்கூடாது, கொடுத்தவன் சம்மதம் வேண்டும் என்று புது விதி வந்திருந்தது. முடிக்கப் போனால் கொடுத்தவன் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று போகும், அதை அவன் சொன்னால்தான் கம்ப்யூட்டர் வழிவிடும். கீழே இருக்கிறவனை மேலே இருக்கிறவன் ஏமாற்றிவிடக்கூடாது என்று யாரோ ஒரு நல்ல மனிதர் எங்கோ உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு. அந்த நல்ல மனிதருக்கு ரெங்கமன்னாரைத் தெரியாது. போன் போட்டதும் முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். காரியம் ஆகவேண்டிய இடத்தில் சாப்பாட்டில்தான் ஆரம்பிக்க வேண்டும், அது முப்பத்தொரு வருஷப் பாடம். மற்ற கீமேன்கள், வேலையே நடக்கலையே, எதுக்கு சார் நம்பர் என்று முணுமுணுப்பார்கள். மாசானம் அப்படி இல்லை. எனக்கு வெள்ளெழுத்து சார், வீட்ல சொல்லுவா என்று போனைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிடுவான். அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். ஒரு மணி நேரம் கழித்துப் புதுப் புகார் எண்ணை இவர் சொல்வார், அவன் நோட்டில் எழுதிக்கொள்வான். அறுபத்தொன்று நூற்றுப் பதினெட்டானது, நூற்றுத் தொண்ணூறானது, இருநூற்று நாற்பத்தேழானது, முந்நூற்று ஐந்தானது. செப்டம்பரில் அவனே ஒருமுறை கேட்டான், நம்பர் ஏறிக்கிட்டே வருதே, நம்ம பாலம் மேல போய்க்கிட்டு இருக்குதா சார் என்று. ரெங்கமன்னாருக்கு முதலில் புரியவில்லை. நம்பர் ஏற ஏறப் புகார் மேலதிகாரிகளிடம் போகிறது என்று அவன் நினைப்பது புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆமாப்பா, போய்க்கிட்டே இருக்கு என்றார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது பிரிவில் எல்லோரிடமும் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது.

மிட்டாய் பாதிகூடக் கரையவில்லை. இந்தக் காலத்து மிட்டாய்கள் எதைப் போட்டுச் செய்கிறார்களோ. அந்த வெள்ளிக்கிழமை, மாசானம் சாவதற்கு இரண்டு நாள் முந்தின வெள்ளிக்கிழமை, அதை விட்டு வேறு எதை நினைத்தாலும் மனசு திரும்ப அங்கேயே வந்து நிற்கிறது. இரண்டு மணிக்கு முந்நூற்று ஐந்தை முடித்தார். சாப்பிட்டாச்சா கேட்டார், அவள் ஆறு இலக்கம் சொன்னாள், நாலு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு, எட்டு, ரெண்டு. வைக்கும்போது, புது நம்பர் எப்ப சொல்லுவீக சார் என்று பின்னாலிருந்து மாசானத்தின் குரல் கேட்டது. இதோ இப்பத்தான் என்றார். இரண்டரைக்குக் கோமு ஓடிவந்தாள். கேடயத்தோடு போட்டோ, எல்லோரும் கீழே வாங்க. வரிசையாக நின்றார்கள். ஆபீசர் நடுவில் கேடயத்தைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டார். ரெங்கமன்னார் ஓரத்தில். வெளிச்சம் சரியில்லை என்று போட்டோக்காரன் இரண்டு முறை இடம் மாற்றினான். அதற்கப்புறம் சமோசா, காபி, ஆபீசரின் பேச்சு. மேலே வந்தபோது ஐந்து. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான், மறந்துவிட்டது. மனுஷன்தானே. அச்சில் வந்த போட்டோவில் அவர் முகம் பாதிதான் இருக்கிறது, காதும் ஒரு கண்ணும். அந்த அரை முகத்துக்காகத்தான் ஒன்றரை மணி நேரம் நின்றார்.

நாலு மணிப் பட்டியலில் எண்பத்தேழாம் நம்பர் பாலம் இல்லை. சனிக்கிழமை பாலத்துக்குத் தெற்கே வளைவுக்கு அப்பால் நட்டிருந்த முப்பது கிலோமீட்டர் பலகையையும் பிடுங்கிவிட்டார்கள். உத்தரவு வந்தால் பிடுங்கத்தானே வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மாசானம் வடக்கேயிருந்து நடந்து வந்தான், வளைவுக்கு அப்பால் பலகை போனது அவனுக்கு எப்படித் தெரியும். பாலத்தின் நடுவில் உட்கார்ந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். வளைவில் ஹாரன் கேட்டால் எழுந்து சாமானைப் பொறுக்கிக்கொண்டு பாலத்தை விட்டு இறங்க வேண்டும். வளைவிலிருந்து பாலம் எழுநூறு மீட்டர். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு எண்பத்து நாலு விநாடி. முழங்கால் வலிக்காரனுக்கு நாற்பது போதும். ஐந்து மாசமாக அவன் அப்படித்தான் எழுந்து போய்க்கொண்டிருந்தான், அவசரப்படாமல், போகிறபோக்கில் ஓட்டுநருக்கு ஒரு கையும் காட்டி. நூறு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து விநாடி. ரெங்கமன்னார் இந்தக் கணக்கை இந்தப் பதினேழு நாளில் எத்தனை முறை போட்டிருப்பார். பல் துலக்கும்போது இருபத்தைந்து எண்ணுவார். பஸ் நிறுத்தத்தில் எண்ணுவார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து சாமானை எடுக்கவே பன்னிரண்டு ஆகிறது, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்த்தார். எடுக்காமல் ஓடியிருக்கலாமே. முட்டாள், சாமானைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். இப்போது எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் அவள் இருமினாள். பதினெட்டில் நின்றுபோனது, மறுபடி ஒன்றிலிருந்து.

இதில் வேடிக்கை என்னவென்றால் பாலம் விழவில்லை. நூறில் போன ரயில் ஆடாமல் அசையாமல் போய்விட்டது. ஆபீசர் அந்த வாரம் புதன்கிழமை ரெங்கமன்னாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், அவர் உட்காரச் சொல்வது அதுதான் முதல் தடவை. சின்ன வயசு, மரியாதையான ஆள், குரலை உயர்த்தியதே இல்லை. பாலம் தாங்கிவிட்டது, அப்படியென்றால் கோளாறு சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்றார். அதுவுமில்லாமல் சரியாகிவிட்டது என்று மாசானமே சம்மதம் கொடுத்திருக்கிறான், ஆறு இலக்கம் பதிவாகியிருக்கிறது, நேரத்தோடு. கட்டுப்பாடு இல்லாத பாலத்தில் பார்க்காமல் உட்கார்ந்தது அவன் சொந்தக் கவனக்குறைவு. இதைவிட நேராக ஒரு கேஸ் இருக்க முடியுமா? "ரெஜிஸ்டர் என்ன சொல்லுதோ அத மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல நமக்கு என்ன வேலை" என்றார். ரெங்கமன்னார் சரி சார் என்றார். திங்கட்கிழமை முதல் வேலையாகப் பதிவதாக இருந்த ஆறாவது எண்ணை என்ன செய்வது என்று கேட்டார். எதுக்கு, முடிஞ்ச புகார்தானே என்று ஆபீசர் சிரித்தார். சொந்தக் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் பெண்டாட்டிக்கு வேலை கேட்டுப் போட்ட மனு எல்லா மனுவுக்கும் அடியில் போய்விடும். இரண்டு மாதத்தில் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதெல்லாம் வேறு பிரிவின் வேலை. வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' பலகை இருக்கிறது. கீமேன் சாவது ரயில் விபத்துக் கணக்கில் வராது. கோமு தினமும் காலையில் எண்ணை ஒன்று கூட்டி வைக்கிறாள், இன்றைக்கு நானூற்று இருபத்தொன்பது.

அவள் பேச ஆரம்பித்திருந்தாள். எப்போது ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை, பாதியிலிருந்துதான் காதில் விழுந்தது. மகள் பதினொண்ணு படிக்கிறாள், வேலை கிடைத்தால் போதும், கேட் வேலையானாலும் கக்கூஸ் கழுவுகிற வேலையானாலும் சரி. உடம்பைக் கண்ணால் பார்க்க விடவில்லை, துணியில் சுற்றித் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். "குளிப்பாட்டக்கூட விடல அய்யா." ரெங்கமன்னார் ஃபைலின் மூலையைக் கட்டைவிரலால் மடித்தார், நிமிர்த்தினார், மடித்தார். இது ஒரு சாதாரணச் சொல். எல்லோரும் சொல்கிற சொல். குழந்தையைக் குளிப்பாட்டுவதில்லையா, மாட்டைக் குளிப்பாட்டுவதில்லையா. அவள் கைப்பேசியை எடுத்துத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல். வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி நான்கு நிமிஷம், நாலு ஏழு ஒண்ணு ஒண்ணு எட்டு ரெண்டு. "ஆபீஸ்லருந்து ஒரு சார் பேசுவாக. தங்கமான மனுசன், எடுத்ததும் சாப்ட்டியளான்னுதான் கேப்பாக. அவுகளுக்குத்தான் இந்த நம்பரச் சொன்னேன். எல்லாரும் என்னமோ இந்த நம்பராலதான்னு பேசுதாக. நான் சொன்னது தப்பா அய்யா?" இரண்டு கண்ணும் அவர் முகத்தில். தப்பில்லை என்று சொல்ல வேண்டும். தப்பு என்று சொன்னால்கூட ஒரு நியாயம் இருக்கும். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் நம்பாமல் மறுபடி பார்த்தாள். மறுபடி ஆட்டினார். மிட்டாய் சன்னமாகி நாக்கின் ஓரத்தில் ஒரு துணுக்காக நின்றது, அதைப் பல்லால் கடிக்கவும் பயமாக இருந்தது.

மறந்துவிட்டது என்று ஆபீசரிடம் சொன்னார். மனைவியிடம் சொன்னார். கோவிலில் நின்று பெருமாளிடமும் அதையேதான் சொன்னார், அவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறக்கவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் உழவர் சந்தையில் புடலங்காயைக் கையில் பிடித்து, வளையாமல் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. முந்நூற்று ஐந்து. முழுசாக, தேதியோடு, பால நம்பரோடு வந்தது. கைப்பேசி சட்டைப்பையில் இருந்தது. கண்ட்ரோலுக்கு ஒரு போன், எண்பத்தேழுக்கு முப்பது போடுங்கள், அவ்வளவுதான் பேச்சு. ஆனால் கண்ட்ரோலில் இருக்கிறவன் கேட்பான், நேற்று நீங்கள்தானே சரியாகிவிட்டது என்று அனுப்பினீர்கள், இன்றைக்கு என்ன என்று. கேட்டால் எழுதிவைப்பான். எழுதிவைத்தால் சனிக்கிழமை சாயந்திரம் ஆறு இருபதுக்கு ரெங்கமன்னார் சொன்னார் என்று ஒரு வரி எப்போதைக்கும் இருக்கும். கேடயம் வந்த மறுநாள். ஒரு நாள்தானே, திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பதிந்துவிடலாம் என்று நினைத்தார். ஐந்து மாசமாக விழாத பாலம் ஒரு நாளில் விழுந்துவிடாது என்று நினைத்தார். அது சரியாகத்தான் இருந்தது, பாலம் விழவில்லை. பாலத்தை மட்டும்தான் நினைத்தார். பாலத்தின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான், அவன் தன் வார்த்தையை நம்பி நிதானமாக எழுந்திருப்பான் என்று புடலங்காயைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷனுக்குத் தோன்றவில்லை. இல்லை, அதுவும் பொய். தோன்றியது. லேசாகத் தோன்றியது. காய்க்காரி, வேணுமா வேண்டாமா சாமி என்று கேட்டாள், வேண்டும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் புடலங்காய்க் கூட்டு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் போன் வந்தது.

கோமு வந்து முப்பிடாதியைக் கூப்பிட்டாள். அவள் எழுந்து சேலையைச் சரிசெய்து, மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். கதவு முழுசாகச் சாத்தவில்லை. ஆபீசரின் குரல் தணிவாக, ரொம்ப மரியாதையாக, நாந்தான் நம்பர் சொன்னேன் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்களா அம்மா என்று கேட்பது கேட்டது. அவள் ஆமாய்யா என்றாள். அவுகளுக்கு வெள்ளெழுத்து, நாந்தான் படிப்பேன் என்றாள். டைப் அடிக்கிற சத்தம். இப்போது எழுந்திரு. நாலடி நடந்தால் கதவு. அந்தச் சார் நான்தான், பாலத்தில் ஒரு வேலையும் நடக்கவில்லை, அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, புடலங்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும். இருபத்தைந்து விநாடிகூட ஆகாது. எண்ணினார். ஐந்து. பென்ஷன் நின்றுபோகும். ஒன்பது. மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள். பதினான்கு. முழங்காலில் கையை ஊன்றினார். எழுந்திருக்கத்தான் ஊன்றினார், அதில் சந்தேகமில்லை. இருபது. கண்ணாடி அலமாரியில் கேடயத்துக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது, இந்தத் தடவை முழுசாக. இருபத்தைந்து. கையை எடுத்து மறுபடி ஃபைலின் மேல் வைத்துக்கொண்டார். மிட்டாய் முழுக்கக் கரைந்துபோயிருந்தது.

பன்னிரண்டரைக்குக் கோமு அவரையும் கூப்பிட்டாள். சாட்சி சொல்வதற்காக இல்லை. அவருடைய வாக்குமூலம் முந்தாநாளே டைப் ஆகி, அவர் கையெழுத்தோடு ஃபைலில் இருந்தது. ஆபீசர் ஒரே ஒரு தாளை நீட்டினார். "ஸ்டேட்மெண்ட் இங்கிலீஷ்ல இருக்கு. அந்தம்மாவுக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டிட்டு, சாட்சின்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுருங்க." விதி அது. இங்கிலீஷ் தெரியாதவருக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், இதுவும் யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்ததுதான். முப்பிடாதி மேஜையின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். தொண்டை கட்டிவிட்டது சார் என்று சைகை காட்டலாம், ஆனால் ஆபீசரிடம் காலையில்தான் குட்மார்னிங் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, வேறு யாருடைய குரலிலோ ஆரம்பித்தார். என் கணவர் மாசானம் எண்பத்தேழாம் நம்பர் பாலத்தின் கோளாறு சரிசெய்யப்பட்டதை அறிவார். அதற்கான சம்மத எண்ணை அவர் சொன்னதன் பேரில் நானே தெரிவித்தேன். மூன்றாவது வரிக்குப் போவதற்குள் வேறு யாருடைய குரலோ தீர்ந்துபோய் அவருடையதே வந்துவிட்டது.

"சார்," என்றாள் முப்பிடாதி. அதுவரை அய்யா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "நீங்களா?" ரெங்கமன்னார் நிமிரவில்லை. திட்டுவாள், மேஜையில் இருப்பதை எடுத்து எறிவாள். எறியட்டும், எறிந்தால் நல்லது. ஆபீசரின் பேனா நின்றது. "இம்புட்டு நேரமும் பக்கத்துலயே உக்காந்திருந்திருக்கேன் பாருங்க. தொண்டை கட்டுனதுல கண்டுபிடிக்க முடியல." ஆபீசர் பக்கம் திரும்பி, இந்தச் சார்தான் போனில் பேசுவார் என்று சொன்னாள், பிள்ளையின் வாத்தியாரைக் கடைத்தெருவில் பார்த்துவிட்டது போல. ஆபீசர் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மிச்சத்தையும் வாசிங்க என்றார். மிச்சத்தில்தான் சொந்தக் கவனக்குறைவு என்ற வரி இருந்தது. ரெங்கமன்னார் அந்த வரியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், மறுபடி செருமினார். அவளே கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். "வேண்டாம் சார், தொண்டையோட கஷ்டப்படாதீக. நீங்க எழுதினதுன்னா சரியாத்தான் இருக்கும்." எந்த இடத்தில் என்று கேட்டாள். அவர் காட்டினார். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில், மேல்கோடு கீழ்க்கோடு இருப்பது போல நினைத்துக்கொண்டு, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். கீழே சாட்சி என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். முடிந்ததென்று அவர் நினைத்தபோது அவள் மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தாள். மாசானத்தின் நோட்டு. பிரித்த பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஐந்து எண்கள், அறுபத்தொன்று, நூற்றுப் பதினெட்டு, நூற்றுத் தொண்ணூறு, இருநூற்று நாற்பத்தேழு, முந்நூற்று ஐந்து. அதற்குக் கீழே ஆறு என்று மட்டும் போட்டு, பக்கத்தில் காலியாக விட்டிருந்தது.

"புது நம்பர் அன்னைக்குச் சொல்லலியே சார். அவுக சாயந்திரம் வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாக," என்றாள். "இதுக்கும் நம்பர் உண்டுல்ல?"

ஆபீசர் அடுத்த ஃபைலை எடுத்துவிட்டிருந்தார். ரெங்கமன்னார் விசாரணை ஃபைலின் அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்தார். உண்டும்மா என்றார். அவள் மேஜையோரமாகக் குனிந்து நோட்டை வைத்துக்கொண்டு, பேனாவோடு காத்திருந்தாள். அவள் தப்பாக எழுதிவிடக்கூடாதே என்று, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.